பனிக்கட்டிப் பாடத்தை நிறுத்துவோம்: திரித்துவம் கற்பிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் ஊழியம் செய்கிற ஆயர்கள், போதகர்கள், உபதேசியார்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் அனைவருக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

நம்முடைய ஜெபக்கூட்டங்களில் இப்படி ஒரு ஜெபத்தை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். "அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் பாவங்களுக்காகச் சிலுவையில் உம்முடைய இரத்தத்தைச் சிந்தினீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று தொடங்கும். "இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் ஜீவனுள்ள நல்ல பிதாவே, ஆமென்" என்று முடியும். கண்ணீரோடு ஏறெடுக்கிற ஜெபம் அது. அதைத் தேவன் தள்ளிவிடுவார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தேவன் ஒருவரே, அவர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியானவர் என்று மூவராக இருக்கிறார் என்பதுதானே திரித்துவம்? சிலுவையில் இரத்தம் சிந்தியவர் பிதா அல்லவே. குமாரன் அல்லவா மரித்தார்? ஜெபிக்கிறவருக்கும் ஆமென் சொல்லுகிறவர்களுக்கும் அது உறுத்தவில்லை என்றால், பிதாவும் குமாரனும் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்கள் என்ற எண்ணம் அவர்கள் மனதில் எப்போதோ உட்கார்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

இது இன்று முளைத்த குழப்பம் இல்லை. ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன்பு வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் தெர்த்துல்லியன் என்பவர் பிராக்சேயாஸ் என்ற போதகரை எதிர்த்து எழுதியபோது, இந்த மனிதர் ஆவியானவரைத் துரத்திவிட்டார், பிதாவைச் சிலுவையில் அறைந்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார். பிராக்சேயாஸின் பெயர் நம் சபையார் யாருக்கும் தெரியாது. அவர் சொன்னதை மட்டும் நம் ஜெபங்கள் தெரியாமலே திருப்பிச் சொல்கின்றன. சபையாரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரசங்க பீடத்திலிருந்தும் ஞாயிறு பள்ளி வகுப்பிலிருந்தும் அவர்கள் கேட்டதுதான் வாயில் வருகிறது. அதனால்தான் இந்த மடலைக் கற்பிக்கிறவர்களுக்கு எழுதுகிறேன். நானும் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவள்தான்.

தண்ணீர் உதாரணத்திலிருந்து தொடங்குகிறேன். வி.பி.எஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நாட்களில் இதைப் பார்க்காத சபை இருக்காது. மேசைமேல் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு தட்டில் பனிக்கட்டி, பக்கத்தில் ஆவி பறக்கிற ஒரு கெட்டில். "பிள்ளைகளே, மூன்றும் தண்ணீர்தானே? அதேபோலத்தான் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி!" பிள்ளைகள் கை தட்டுவார்கள். புரிந்துவிட்டது என்று ஆசிரியருக்கும் சந்தோஷம்.

புரிந்தது என்ன? ஒரே தண்ணீர் குளிரில் ஒரு வடிவம், வெப்பத்தில் இன்னொரு வடிவம் எடுக்கிறது என்பதுதான். அப்படியே தேவனும் ஒரு காலத்தில் பிதாவாக இருந்தார், பிறகு குமாரனாக வந்தார், இப்போது ஆவியாக இருக்கிறார் என்று பிள்ளை முடிவு கட்டுகிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமாபுரியில் சபெல்லியுஸ் போதித்ததாகச் சொல்லப்படுவது இதையேதான்: ஒரே ஆள், மூன்று வேடங்கள். சபை அதை மறுத்து அவரை விலக்கிவைத்தது. அன்று விலக்கிய போதனையை நாம் இன்று கெட்டிலோடு கொண்டுவந்து பிள்ளைகளுக்கு விளக்குகிறோம்.

பதினோராம் வகுப்பு படிக்கிற பையன் யாராவது, "மும்மைப் புள்ளியில் மூன்றும் ஒரே நேரத்தில் இருக்குமே" என்று சொல்லக்கூடும். உண்மைதான். 0.01 டிகிரி செல்சியஸில், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான அழுத்தத்தில், பனிக்கட்டியும் நீரும் நீராவியும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்திருக்கும். ஆனால் அங்கேயும் பனிக்கட்டியாக இருக்கிற பகுதி வேறு, ஆவியாக இருக்கிற பகுதி வேறு. பிதா தேவனில் மூன்றில் ஒரு பங்கு அல்ல. முட்டை உதாரணம் சொல்லுகிறவர்களுக்கும் பதில் இதுதான். ஓடு மட்டும் முட்டை ஆகாது, மஞ்சள் கரு மட்டும் முட்டை ஆகாது. பிதாவோ முழுமையாகத் தேவன், குமாரன் முழுமையாகத் தேவன், ஆவியானவர் முழுமையாகத் தேவன். வீட்டில் அப்பா, கடையில் முதலாளி, தன் தாய்க்கு மகன் என்று ஒரே ஆளுக்கு மூன்று உறவு சொல்லுகிற உதாரணமோ நேராக சபெல்லியுஸிடமே கொண்டுபோய் விடுகிறது.

திடப்படுத்தல் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை என்னிடம் கேட்டாள்: "அப்படின்னா கெத்செமனேயில இயேசு யார்கிட்டக்கா ஜெபம் பண்ணினாரு? தனக்குத்தானேவா?" பனிக்கட்டி உதாரணத்தைச் சின்ன வயதில் கேட்டு, அதை உண்மையென்று நம்பி, அதே யோசனையைக் கடைசி வரை கொண்டுபோன பிள்ளை அவள். கேள்வியில் ஒரு தவறும் இல்லை. வேடம் மாற்றுகிற ஒரே ஆள் என்றால், சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு பிதாவிடம் ஜெபித்த கெத்செமனே ஒரு நாடகமாகிவிடும். "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்பது வெறும் வசனமாகிவிடும். இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் கரையும் அப்படித்தான். குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று வானத்திலிருந்து பிதாவின் சத்தம் கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில், ஒருவரையொருவர் நோக்கி. அந்தப் பிள்ளைக்கு மத்தேயு மூன்றாம் அதிகாரத்தையும் யோவான் பதினேழாம் அதிகாரத்தையும் வாசிக்கச் சொன்னேன். உதாரணம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வந்து, "உலகம் உண்டாகிறதுக்கு முன்னாடியே பிதா அவர்மேல அன்பா இருந்தாருன்னு இயேசுவே சொல்றாருக்கா" என்றாள்.

அவள் பிடித்துக்கொண்ட அந்த இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. யோவான் 17:24. "உலகத்தோற்றத்துக்கு முன் நீர் என்னில் அன்பாயிருந்தபடியினால்" என்று குமாரன் பிதாவிடம் பேசுகிறார். "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்ற வசனத்தை நாம் காலண்டரில் அச்சிட்டுச் சுவரில் மாட்டுகிறோம். வானமும் பூமியும் இல்லாத, தூதரும் மனிதரும் இல்லாத அந்த நித்தியத்தில் தேவன் யாரை நேசித்தார்? தனியாக இருந்த ஒருவர், நேசிக்க ஆள் வேண்டுமென்று நம்மை உண்டாக்கினார் என்றால், அன்பு அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்த ஒரு குணமாகிவிடும். வேதம் அப்படிச் சொல்லவில்லை. பிதா குமாரனை நேசிக்காத காலமே இல்லை. அந்த அன்புக்குள் நம்மை அழைப்பதுதான் சுவிசேஷம். இவ்வளவு பெரிய நற்செய்தியை ஒரு கெட்டிலைக் காட்டி ஆவியாக்கிவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

அடுத்தது நம் சிலுவைப் பிரசங்கங்கள். ரயில் பாலத்துக் கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். கப்பல் போவதற்காகத் தூக்கிவைத்த பாலத்தை ரயில் வருமுன் இறக்க வேண்டிய வேலை ஒரு தகப்பனுக்கு. ரயில் நெருங்குகிறது. அவருடைய சின்ன மகன் பல்சக்கரங்களுக்கு நடுவே விழுந்துவிடுகிறான். பாலத்தை இறக்கினால் மகன் நசுங்குவான், இறக்காவிட்டால் நூற்றுக்கணக்கான பயணிகள் ஆற்றுக்குள். தகப்பன் விசையை இழுக்கிறார். ரயில் கடந்துபோகிறது, பயணிகள் சிரித்துக்கொண்டே கையசைக்கிறார்கள். பெரிய வெள்ளிக்கிழமை கூட்டங்களில் இந்தக் கதைக்கு அழாதவர்கள் குறைவு.

கதையில் அந்த மகனைக் கவனியுங்கள். அவனுக்கு எதுவும் தெரியாது, அவனை யாரும் கேட்கவில்லை, அவன் விழுந்தது ஒரு விபத்து. நம் ஆண்டவர் அப்படியா மரித்தார்? "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்று அவர் தம்முடைய ஜீவனைக் குறித்து யோவான் 10:18இல் தெளிவாகச் சொல்லுகிறார். எபிரெயர் 9:14 இன்னும் ஆழமாகப் போகிறது: கிறிஸ்து நித்திய ஆவியினாலே தம்மைத்தாமே தேவனுக்கு ஒப்புக்கொடுத்தார். ஒப்புக்கொடுக்கிறவர் குமாரன், ஏற்றுக்கொள்ளுகிறவர் பிதா, அது நடப்பது ஆவியானவராலே. சிலுவையில் மூவரும் ஒரே சித்தமாக இருக்கிறார்கள்.

இதன் மறுபக்கமாக இன்னொரு பிரசங்கம் உண்டு. பிதா கோபத்தில் அடிக்க வருகிறார், இயேசு குறுக்கே பாய்ந்து அந்த அடியை வாங்கிக்கொள்கிறார். இதைக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு இயேசுவைப் பிடிக்கும், பிதாவை நினைத்தால் பயம் வரும். வீட்டில் குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பா இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பயம் எவ்வளவு நிஜமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நியாயத்தீர்ப்பையும் தேவகோபத்தையும் பிரசங்கிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவை வேதத்தில் இருக்கின்றன. ஆனால் பாவத்தின்மேல் குமாரனுக்கும் அதே கோபம் உண்டு, பாவியின்மேல் பிதாவுக்கும் அதே மனதுருக்கம் உண்டு. இயேசு மரித்ததால் பிதா நம்மை நேசிக்க ஆரம்பிக்கவில்லை. பிதா நேசித்ததால்தான் குமாரனைத் தந்தார். யோவான் 3:16ஐ எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்விக்கிற நாம், அதற்கு நேர் எதிரான ஒரு படத்தையும் அவர்கள் மனதில் வரைந்துவிடுகிறோம்.

பரிசுத்த ஆவியானவரைப் பற்றி நாம் பேசுகிற விதத்தையும் சொல்ல வேண்டும். "வல்லமை இறங்குது, பிடிச்சுக்கோங்க", "கரண்ட் மாதிரி பாயும்" என்று மைக்கில் கேட்கிறோம். பெந்தெகொஸ்தே சபைகளை மட்டும் சொல்லவில்லை, மரபுச் சபைகளின் எழுப்புதல் கூட்டங்களிலும் இதே பேச்சுதான். வல்லமை தருகிறவர் அவர், சந்தேகமில்லை. அவரையே ஒரு சக்தியாகச் சுருக்கிவிடும்போதுதான் சிக்கல். அந்தியோகியா சபையில் "பர்னபாவையும் சவுலையும் நான் அழைத்த ஊழியத்துக்காக" என்று பேசியது யார்? மின்சாரம் "நான்" என்று பேசுமா? "ஆவியைத் துக்கப்படுத்தாதிருங்கள்" என்று பவுல் எபேசியருக்கு எழுதுகிறார். துக்கப்படுகிறவர் ஆள்தானே. அனனியா ஆவியானவரிடம் பொய் சொன்னான் என்று சொன்ன பேதுரு, அடுத்த மூச்சிலேயே, "நீ மனுஷரிடத்தில் அல்ல, தேவனிடத்தில் பொய்சொன்னாய்" என்கிறார். வல்லமையைப் பெறுவது எப்படி என்று ஆயிரம் கூட்டங்கள் நடத்துகிறோம். ஆவியானவரை ஆராதிப்பது, அவருக்குக் கீழ்ப்படிவது, அவரைத் துக்கப்படுத்தாதிருப்பது பற்றி அதில் பத்தில் ஒரு பங்காவது பேசுகிறோமா?

அப்புறம் அந்தக் காலப் பிரிவினை. பழைய ஏற்பாடு பிதாவின் காலம், சுவிசேஷங்கள் குமாரனின் காலம், இப்போது ஆவியானவரின் காலம் என்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த யோவாக்கிம் என்ற துறவி சரித்திரத்தை இப்படி மூன்று யுகமாகப் பிரித்தார். அவர் பெயரைக் கேள்விப்படாதவர்களும் இன்று அதைப் பிரசங்கிக்கிறார்கள். ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்திலேயே தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடிக்கொண்டிருக்கிறார். சகலமும் வார்த்தையாகிய குமாரன் மூலமாய் உண்டாயிற்று என்கிறது யோவான் சுவிசேஷம். பிறகு எப்படி அது பிதாவின் காலம் மட்டும் ஆகும்?

இதோடு சேர்ந்ததுதான் வேலைப் பிரிவினையும். படைப்பது பிதா, மீட்பது குமாரன், பரிசுத்தமாக்குவது ஆவியானவர் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். லுத்தரின் சிறிய ஞானோபதேசம் 1529இல் விசுவாசப் பிரமாணத்தை இந்த மூன்று பகுதிகளாகத்தான் விளக்கியது. கற்பிக்க வசதியான வரிசை அது, தவறு சொல்ல முடியாது. நம் ஊரில் அதைக் கேட்கிறவர்கள் உடனே படைத்தல், காத்தல், அழித்தல் என்ற மும்மூர்த்திக் கணக்கில் அதைப் பொருத்திக்கொள்கிறார்கள். சில பிரசங்கிமாரே அப்படி விளக்குகிறார்கள். சைவரும் வைணவரும் தங்கள் நம்பிக்கையைத் தாங்களே விளக்கட்டும், அது அவர்கள் உரிமை. நம் விசுவாசத்தில் துறை பிரித்துக்கொண்ட மூன்று தேவர்கள் இல்லை. உலகத்தில் தேவன் செய்கிற எதுவும் பிரிக்க முடியாத ஒரே செயல் என்பதை ஆதிச் சபையின் ஆசிரியர் அகுஸ்தீன் திரித்துவத்தைப் பற்றி எழுதிய பதினைந்து புத்தகங்களில் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறார். பிதாவிடமிருந்து, குமாரன் மூலமாய், ஆவியானவருக்குள் நடக்கிற ஒரே செயல்.

வீட்டு வாசலுக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லவும் நம் சபையாரை நாம் தயார்படுத்தவில்லை. திரித்துவத்தை மறுக்கிற யெகோவாவின் சாட்சிகள் வந்து, "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்ற வசனத்தைக் காட்டினால் நம்மவர்கள் திகைத்துப்போகிறார்கள். குமாரன் அடிமையின் ரூபமெடுத்துத் தம்மைத் தாழ்த்தின நிலையிலிருந்து பேசுகிற வார்த்தை அது என்று பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தை யாரும் அவர்களுக்குத் திறந்து காட்டியதில்லை. "திரித்துவத்தை 325இல் கான்ஸ்டன்டைன் மன்னன் கண்டுபிடித்தான்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அதற்கும் பதில் தெரியாது. 325இல் நடந்த நிசேயா சபை மாநாடு கூடுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தெர்த்துல்லியன் திரித்துவத்தைப் பற்றி எழுதியிருந்தார். நிசேயாவில் நடந்தது வேறு. குமாரன் இல்லாத ஒரு காலம் இருந்தது, அவரும் படைக்கப்பட்டவரே என்று அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் போதித்தார். சபை அதை மறுத்தது. மன்னனுடைய கொள்கை என்றால், அதற்காகக் கடைசி வரை வாதாடிய அத்தனாசியுவை அதே கான்ஸ்டன்டைன் ஏன் நாடுகடத்தினான்? அத்தனாசியு தம் வாழ்நாளில் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். கான்ஸ்டன்டைனோ 337இல் மரணப்படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றது ஆரியுஸின் பக்கம் நின்ற ஒரு பேராயரின் கையால்.

பதில் சொல்ல முயல்கிறவர்களும் பலவீனமான ஆயுதத்தையே எடுக்கிறார்கள். கேட்டவுடன் 1 யோவான் 5:7ஐத் திருப்புவார்கள்: "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்". நம் பழைய மொழிபெயர்ப்பில் அது இருக்கிறது. ஆனால் பழமையான கிரேக்கப் பிரதிகளில் அந்த வாக்கியம் இல்லை. எராஸ்முஸ் என்ற அறிஞர் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை, 1522இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார். பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அந்த வாக்கியம் இல்லாதது இதனால்தான். நிசேயாவில் வாதாடியவர்கள் இந்த ஒரு வசனத்தை நம்பி வாதாடவில்லை. நம் திருச்சபை விசுவாசமும் அதன்மேல் நிற்கவில்லை. இதைச் சபையாரிடம் சொல்லப் பயப்படாதீர்கள். வெளியே ஒருவர் சொல்லி அவர்கள் தடுமாறுவதைவிட, தங்கள் போதகர் வாயால் கேட்பது எவ்வளவோ மேல்.

"அது தேவ இரகசியம், ஆராயக் கூடாது" என்ற பதிலையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இரகசியம்தான், ஒத்துக்கொள்கிறேன். நம் புத்திக்குள் அடங்காது. ஆனால் ஒன்றும் மூன்றும் சமம் என்று நம் விசுவாசம் எங்கேயும் சொல்லவில்லை. தேவன் ஒருவரே என்கிறோம், மூன்று தேவர்கள் என்று சொல்வதில்லை. பிதா, குமாரன், ஆவியானவர் என்று மூவர் என்கிறோம், மூவரும் ஒரே ஆள் என்று சொல்வதில்லை. எதில் ஒன்று, எதில் மூன்று என்பது வேறு வேறு. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்: தேவன் ஒருவர்தான். பிதா தேவன், இயேசு தேவன், பரிசுத்த ஆவியானவர் தேவன். பிதா இயேசு அல்ல, இயேசு ஆவியானவர் அல்ல, ஆவியானவர் பிதா அல்ல. எப்படி என்று பிள்ளை கேட்டால், "முழுவதும் எனக்கும் விளங்காது, ஆனால் இயேசு நமக்கு இப்படித்தான் காட்டியிருக்கிறார்" என்று சொல்லுங்கள். அந்தப் பதிலில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி நான் கேட்டுக்கொள்வது. பெந்தெகொஸ்தே திருநாளுக்கு அடுத்த ஞாயிறு திரித்துவ ஞாயிறு. பல சபைகளில் அது பள்ளி திறக்கிற வாரத்தோடு சேர்ந்து வந்து, பள்ளி ஆரம்ப ஜெபத்திலேயே கரைந்துபோகிறது. அந்த ஒரு ஞாயிறையாவது திரித்துவத்துக்கே ஒதுக்குங்கள். நிசேயா மாநாட்டுக்கு 1700 ஆண்டுகள் நிறைவானதை 2025இல் உலகமெங்கும் நினைவுகூர்ந்தார்கள். நாமும் அந்த மாநாட்டின் பெயரால் வழங்குகிற விசுவாசப் பிரமாணத்தை வாய்ப்பாடு போல ஒப்பித்துவிட்டு உட்காராமல், குமாரன் பிறப்பிக்கப்பட்டவர், படைக்கப்பட்டவர் அல்ல என்கிற அந்த ஒரு வரியை எடுத்தாவது பிரசங்கியுங்கள்.

ஜெபத்தை நடத்துகிறவர்களுக்கு, அவர்கள் மனம் நோகாதபடி, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுங்கள்: பிதாவிடம் பேசுகிறோம், குமாரன் மூலமாகப் பேசுகிறோம், ஆவியானவரின் உதவியோடு பேசுகிறோம். இயேசுவிடம் நேராக ஜெபித்தாலும் சரிதான், ஸ்தேவானும் அப்படி ஜெபித்தான். யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசினால் போதும். ரோமர் எட்டாம் அதிகாரத்தை வைத்து இதை ஒரு மாலைக் கூட்டத்தில் சொல்லிவிடலாம். என்ன ஜெபிப்பது என்று தெரியாமல் நாம் தவிக்கும்போது, ஆவியானவர் உள்ளேயிருந்து பெருமூச்சோடு வேண்டுகிறார், குமாரன் பிதாவின் வலதுபாரிசத்தில் நமக்காக வேண்டுகிறார், பிதா கேட்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் வார்த்தை வராமல் உட்கார்ந்திருக்கிற ஒரு தாய்க்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எது?

வி.பி.எஸ் பாடப்புத்தகம் தயாரிக்கிற குழுவினருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். வேலை தொடங்கும்போதே பனிக்கட்டிப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் யோர்தான் கரையின் படத்தைப் போட்டு, இயேசு எங்கே நிற்கிறார், வானத்திலிருந்து பேசுகிறவர் யார், அவர்மேல் இறங்குகிறவர் யார் என்ற மூன்று கேள்விகளை மட்டும் அச்சிடுங்கள். பதிலைப் பிள்ளைகளே எழுதட்டும்.

கிறிஸ்துவின் பணியில்,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை